பல் உதிரும் கனவும் பேசாத அம்மாவும்

கேள்வி: எனக்கு வயது 47. எட்டு மாதங்களுக்கு முன்பு அம்மா இறந்துவிட்டார். மூன்று மாதமாக இரண்டு கனவுகள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில் என் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கையில் விழுகின்றன. இன்னொன்றில் அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு கூப்பிட்டாலும் பேசுவதில்லை. இரண்டுமே விடியற்காலை நான்கு மணி வாக்கில்தான் வருகின்றன. பிறகு தூக்கம் பிடிப்பதில்லை. பல் விழுந்தால் வீட்டில் சாவு விழும், விடிகாலைக் கனவு பலிக்கும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு நான்கு மாதமாக மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். என் கணவருக்கும் (61) கெட்ட கனவு வருகிறது போலிருக்கிறது. தூக்கத்தில் கத்துகிறார், கை காலை வீசுகிறார். போன வாரம் என் தோளில் ஓர் அடி விழுந்தது. இந்தக் கனவுகளுக்கெல்லாம் என்ன அர்த்தம், டாக்டர்?

பதில்: உங்கள் கணவரைப் பற்றிய கடைசி வரிகளை இரண்டு முறை படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் பயந்துபோய் எழுதியிருப்பதால் உங்கள் கனவுகளை முதலில் பார்த்துவிடுவோம்.

பல் உதிரும் கனவுக்கும் உங்கள் வீட்டில் யாருடைய ஆயுளுக்கும் சம்பந்தம் கிடையாது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

சரி, ஏன் சொல்லிவைத்ததுபோல் நான்கு மணிக்கு வருகிறது? தூக்கம் இரவு முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று நான்கைந்து சுற்றுகள் வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண்கள் படபடவென்று அசையும் ஒரு கட்டம் உண்டு. இதை ரெம் தூக்கம் என்கிறோம். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். அந்தக் கட்டத்தில் ஒருவரை எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு கனவைச் சொல்வார். முன்னிரவில் இது சில நிமிடங்களே நீடிக்கும். விடியும் நேரத்தில் அரை மணி நேரத்தையும் தாண்டும். நீளமான, தெளிவான, கதைபோல ஓடும் கனவுகள் விடிகாலையில் வருவது இதனால்தான். விழிப்பும் அதை ஒட்டியே வந்துவிடுவதால் அவை நினைவிலும் தங்கிவிடுகின்றன. விடிகாலைக் கனவு மெய்யாகும் என்று பழைய ரோமானியக் கவிஞர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் உடம்பு இப்படித்தானே வேலை செய்திருக்கும்.

“ஆனால் எனக்குத் தெரிந்தவருக்குப் பலித்ததே” என்று யாராவது வருவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவுக்கு நான்கு கனவு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,460. அத்தனையும் மறந்துபோகின்றன. எப்போதோ ஒன்று, நடந்த ஏதோ ஒன்றோடு ஒத்துப்போனால் அதை மட்டும் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். பலிக்காத கனவைப் பற்றி யார் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள்?

கனவு காணும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பது ஓரளவு தெரியும். அச்சம், துக்கம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா பகுதி ரெம் தூக்கத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். “இது எப்படிச் சாத்தியம்?” என்று கேட்க வேண்டிய முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருக்கும். அதனால்தான் பல் எல்லாம் கையில் விழுந்தும் கனவுக்குள் நீங்கள் சந்தேகப்படுவதில்லை, பதறத்தான் செய்கிறீர்கள். இன்னொரு விஷயம்: கண்ணையும் மூச்சையும் இயக்கும் தசைகளைத் தவிர, உடம்பின் தசைகள் எல்லாம் இந்த நேரத்தில் செயலற்றுப்போகும்படி மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு ஏற்பாடு செய்கிறது. கனவில் ஓடினாலும் படுக்கையில் ஓடமாட்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கணவர் விஷயத்தில் தேவைப்படும்.

ஏன் கனவு காண்கிறோம் என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விடை இன்னும் வரவில்லை. அடக்கிவைத்த ஆசைகள் மாறுவேடம் போட்டு வருகின்றன என்றார் சிக்மண்ட் ஃப்ராய்டு. மூளைத்தண்டிலிருந்து வரும் தாறுமாறான தூண்டுதல்களுக்கு மேல்மூளை ஒரு கதை கட்டுகிறது, அவ்வளவுதான் என்றார்கள் மனநல மருத்துவர்களான ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும், 1977இல். பிறகு நரம்பு உளவியலாளர் மார்க் சோம்ஸ், மூளையின் சில பகுதிகளில் காயம்பட்டவர்களுக்கு ரெம் தூக்கம் அப்படியே இருந்தும் கனவு மட்டும் நின்றுபோவதைக் காட்டினார். ஆக, அது வெறும் மூளைத்தண்டின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கால்வின் ஹால் என்ற உளவியலாளர் ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்துத் தரம் பிரித்தார். அவற்றில் பெரும்பாலும் தெரிந்த முகங்கள், அன்றாடக் கவலைகள். நல்லது நடப்பதைவிடக் கெட்டது நடப்பதே அதிகம். இது நம் எல்லோருக்கும் பொது. கெட்ட கனவு வருவதாலேயே ஒருவருக்குக் கெட்டது வரப்போகிறது என்றால் உலகத்தில் ஒருவரும் தப்ப முடியாது.

என் கருத்து இதுதான்: கனவு நாளைக்கு நடப்பதைச் சொல்வதில்லை. மனம் எதை இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறதோ அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி, நரம்புகள் வேதிப்பொருளின் மூலம் செய்தி அனுப்புகின்றன என்று நிரூபிக்கும் சோதனையைக் கனவில்தான் கண்டார். முதல் நாள் இரவு எழுதிவைத்ததை மறுநாள் அவராலேயே படிக்க முடியவில்லை! அடுத்த இரவு அதே கனவு மறுபடி வந்ததும் எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி பல ஆண்டுகளாக அவர் மனத்தில் கிடந்த கேள்வி.

இனி உங்கள் பல். ‘பாம்பு வந்தால் இது, தண்ணீர் வந்தால் அது’ என்று பட்டியல் போடும் பலன் புத்தகங்களை நான் மதிப்பதில்லை. பல் கனவுக்கோ அதைவிடச் சாதாரணமான ஒரு விளக்கம் இருக்கலாம். 2018இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இதைத் தனியாக ஆராய்ந்தார்கள். பல் உதிரும் கனவு அடிக்கடி காண்பவர்களுக்குக் காலையில் எழும்போது பல்லிலோ ஈறிலோ தாடையிலோ இறுக்கம் இருப்பது தெரிந்தது. மன உளைச்சலோடு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. காலையில் உங்களுக்குத் தாடை வலிக்கிறதா? கன்னப்பொட்டில் பாரமாக இருக்கிறதா? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாகக் கணவர் சொல்லியிருக்கிறாரா? ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பல் தேய்ந்திருந்தால் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். இரவில் போட்டுக்கொள்ள ஓர் உறை செய்து தருவார்.

அம்மா வரும் கனவை நோயாகவே நான் பார்க்கவில்லை. நெருங்கியவரை இழந்தவர்களில் மிகப் பலருக்கு அவர் கனவில் வருகிறார். சிலருக்குப் பேசுவார், சிலருக்கு முதுகைக் காட்டி நிற்பார், சிலருக்கு ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்துகொண்டிருப்பார். ரோசலிண்ட் கார்ட்ரைட் என்ற தூக்க ஆய்வாளர், மணமுறிவால் மனச்சோர்வில் விழுந்தவர்களின் கனவுகளைக் கவனித்தார். பிரிந்த துணையை உணர்ச்சியோடு கனவில் கண்டவர்கள் ஓராண்டுக்குப் பிறகு மற்றவர்களைவிடத் தேறியிருந்தார்கள். உங்கள் இழப்பு வேறு வகை என்றாலும், அழுதுகொண்டே எழுந்திருப்பதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஏன் பேசவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். அது உங்களுக்குத்தான் தெரியும். விழித்த கணத்தில் என்ன உணர்ச்சி மிஞ்சியிருக்கிறது என்று கவனியுங்கள். ஏக்கமா, கோபமா, “கடைசி நாளில் கூட இல்லாமல் போனேனே” என்ற உறுத்தலா? கனவில் யார் வந்தார், என்ன செய்தார் என்பதைவிட எனக்கு அந்த மிச்சம்தான் முக்கியம். உறுத்தல் என்றால், அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு மனிதரைத் தேடுங்கள். உறவினரானாலும் சரி, மனநல ஆலோசகரானாலும் சரி.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். விடியுமுன் விழித்துக்கொண்டு பிறகு தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லாமல், பசியில்லாமல், காலையில் எழவே மனமில்லாமல் இருக்கிறதா? “நானும் அம்மாவோடு போயிருக்கலாம்” என்று தோன்றுகிறதா? ஆம் என்றால் கனவுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்காமல் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணமே வந்தால் தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

அடுத்தது மாத்திரை. மெட்டோப்ரோலால் கொழுப்பில் கரையக்கூடியது, மூளைக்குள் எளிதாகப் போய்விடும். தெளிவான கனவுகளும் கெட்ட கனவுகளும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். நான்கு மாதமாக மாத்திரை, மூன்று மாதமாகக் கனவு; இந்தக் கணக்கை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளைக்குள் குறைவாகப் போகும் அட்டெனலாலுக்கோ வேறு வகை மருந்துக்கோ அவர் மாற்றலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மருந்தைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறும்.

இவ்வளவுக்குப் பிறகும் பல் கனவு தொல்லை தந்தால் ஒரு பயிற்சி இருக்கிறது. பகல் நேரத்தில் கனவை எழுதுங்கள். முடிவை உங்களுக்குப் பிடித்தபடி மாற்றி எழுதுங்கள், எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் பரவாயில்லை. மாற்றிய கதையைத் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களிடம் தூக்க மருத்துவர் பாரி க்ராகோவின் குழு இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டது. கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. அம்மா கனவுக்கு இதைச் செய்யச் சொல்லமாட்டேன். அவர் வரட்டும்.

இப்போது உங்கள் கணவர். ரெம் தூக்கத்தில் தசைகள் செயலற்றுப்போகும் என்றேன் அல்லவா? அந்த ஏற்பாடு பழுதானால் மனிதர் கனவில் செய்வதைப் படுக்கையிலேயே செய்துவிடுவார். கனவில் யாரோ துரத்துவார்கள், இவர் திருப்பி அடிப்பார், அடி பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் ஆகிய இரு மருத்துவர்கள் 1986இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது.

இதை விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லாமல் இந்தக் கோளாறு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் தரும் பார்கின்சன் நோயோ அதைச் சார்ந்த மறதி நோயோ தலைகாட்டுகிறது. பயமுறுத்த எழுதவில்லை. அவருக்கு இதுதான் என்று கடிதத்தைப் படித்து யாரும் முடிவு கட்ட முடியாது. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் உள்ளவர்களும் இதேபோலக் கை கால் வீசுவார்கள், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் இதைக் கிளப்பிவிடும். எது என்று தெரிய ஓர் இரவு தூக்க ஆய்வகத்தில் படுத்து, மூளை அலை, மூச்சு, தசை அசைவு எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் கையில் இருக்கட்டும். மணம் தெரிவது குறைந்திருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, கை நடுங்குகிறதா, நடை மெதுவாகியிருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். முடிந்தால் அவர் கத்தும்போது கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நோயாளிக்குத் தான் செய்தது நினைவிருக்காது. மெலடோனின், குளோனாசெபாம் போன்ற மருந்துகளால் இந்த வீச்சைக் கட்டுப்படுத்த முடியும்; எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை இருவரும் தனித்தனியாகப் படுங்கள், இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. அவர் கட்டிலைச் சுற்றிக் கண்ணாடி, கூரான மேசை முனை எதுவும் வேண்டாம். கீழே ஒரு மெத்தையைப் போட்டுவையுங்கள். கத்தினால் தொட்டு உலுக்காமல் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.