நீலமாக வராத ‘யாரோ’ (yarrow) மூலிகை எண்ணெய் போலியா?

கேள்வி: காட்டில் தானாக வளர்ந்த ‘யாரோ’ என்ற மூலிகைச் செடியை இரண்டு இடங்களில் பறித்து, ஒரே பாத்திரத்தில் தனித்தனியாக நீராவியில் வடித்தேன். ஒன்றில் மை மாதிரி நீல எண்ணெய், மற்றதில் நிறமே இல்லை. இரண்டாவது வேறு செடியா? அதைக் கஷாயம் வைத்துக் குடித்தால் பலன் உண்டா?

பெயரே ‘யாரோ’, ஆளை அடையாளம் காண்பதில் குழப்பம் வராமல் இருக்குமா! இதன் தாவரவியல் பெயராக, அகில்லியா மில்லிஃபோலியம் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே இனம் அல்ல, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இனங்களின் ஒரு கூட்டம். 36 குரோமோசோம் உள்ள கொல்லினா என்ற இனத்தில் நீலத்துக்கான மூலப்பொருள் இருக்கும். 54 உள்ள அசல் மில்லிஃபோலியத்தில் பெரும்பாலும் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், மருந்துச் சரக்கின் தரத்தை வரையறுக்கும் ஐரோப்பிய மருந்து நூல் காய்ந்த செடி கிலோவுக்குக் குறைந்தது 2 மி.லி. எண்ணெயும் 0.02% அந்த மூலப்பொருளும் கேட்கிறது, அதனால் பெயருக்கு உரிய செடியே அந்தத் தேர்வில் தோற்றுப்போகலாம்.

இன்னொன்று, நீலம் செடிக்குள் இல்லவே இல்லை. மேட்ரிசின், அகில்லிசின் போன்ற நிறமற்ற பொருள்கள் நீராவிச் சூட்டில் உடைந்துதான் கமசுலீன் என்ற நீலப்பொருள் உண்டாகிறது. ஆகவே உங்கள் நிறமற்ற எண்ணெய் போலி என்று சொல்ல முடியாது. அதில் கற்பூரமும், யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கிற அதே சினியோலும் இருக்கலாம், கமசுலீன் மட்டும் இல்லை, அவ்வளவுதான். அந்த நீலப்பொருளுக்கு வீக்கம் குறைக்கும் தன்மை ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது, ஆனால் கஷாயத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கஷாயத்தில் இறங்குவது வேறு சரக்கு. அபிஜெனின், லூட்டியோலின் வகை ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்கள் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன, காஃபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலத்தின் உறவுக்காரப் பொருள்கள் பித்தம் சுரப்பதைத் தூண்டுகின்றன. இதெல்லாம் பெரும்பாலும் விலங்குகளிலும் ஆய்வகத்திலும் பார்த்தது. ஐரோப்பிய மருந்து முகமை பசியின்மை, லேசான அஜீரணம், மாதவிடாய் வலி, சிறு மேற்காயம் ஆகியவற்றுக்குப் ‘பாரம்பரியப் பயன்பாடு’, அதாவது நீண்டகாலப் பழக்கத்தை வைத்து, என்று மட்டுமே ஏற்கிறது. அந்த அளவில் நிறமில்லாத செடியும் கஷாயத்துக்கு ஆகும் என்பது என் கருத்து. ஆனால் எண்ணெயைக் குடிக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் 12 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கும் கஷாயமும் வேண்டாம். சாமந்தி, கமோமில் தொட்டால் அரிப்பு வருபவர்கள் கிட்டே போகாமல் இருப்பதே மேல்.

நிறத்தைவிட எனக்குக் கவலை, பறித்தது யாரோதானா என்பதில். ஹெம்லாக் என்ற கொடிய விஷச்செடிக்கும் இலை பொடிப்பொடியாகக் கிழிந்து, வெள்ளைப்பூ குடைபோல விரியும். தண்டைப் பாருங்கள்: ஹெம்லாக் தண்டு முடியே இல்லாமல் வழவழவென்று, ஊதாத் திட்டுகளோடு இருக்கும், யாரோவின் தண்டில் மெல்லிய முடி இருக்கும். அப்புறம் ஒரு லென்ஸ் வைத்துப் பூவைப் பார்த்தால், யாரோவில் ஒரு பூ என்று நினைத்தது குட்டிச் சாமந்தி மாதிரி, நடுவில் நெருக்கமாகச் சிறுபூக்களும் சுற்றி ஐந்து வெள்ளை இதழ்களும், ஒவ்வொரு இதழின் நுனியில் மூன்று பற்களுமாக இருக்கும். இது சரியாகத் தெரியாவிட்டால் அந்தக் கட்டு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, நீல எண்ணெயை அடர்நிறச் சிறு குப்பியில் கழுத்துவரை நிரப்பி மூடி வையுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பச்சையாகி, பிறகு பழுப்பாகிவிடும்.