அப்பப்பாவின் படங்களைச் சுவடிக்கூடத்துக்குக் கொடுக்கலாமா?

வணக்கம். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அப்பப்பா சேர்த்த படங்களையும் கோயில் திருவிழா நோட்டீசுகளையும் பழைய ஆவணங்களைக் காக்கும் கொழும்பு தேசிய சுவடிக்கூடத்துக்குக் கொடுத்தால், ஊர்ச்சனம் பிறகு பார்க்க ஏலாமல் போகுமோ என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயம்தான். ஒரு படம் பார்க்க மூதூர்ப் பக்கத்தில் இருந்து கொழும்புக்கு யார் பஸ் ஏறுவது?

மூலத்தை உங்களிடமே வைத்திருங்கோ, ஸ்கேன் பிரதியைக் கொடுங்கோ. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல், பத்திரிகை, மலர்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் அவர்களிடம் கேளுங்கோ. ஸ்கேன் பண்ணும்போது நோட்டீசுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) போதும், படத்துக்கு 600 வையுங்கோ. துருப்பிடித்த குண்டூசியை மெல்லக் கழற்றுங்கோ. தயவுசெய்து லமினேற் பண்ணிப்போடாதேங்கோ, பிறகு பிரிக்கவே ஏலாது.

பெரிய வேலை ஸ்கேன் இல்லை, பெயர்தான். 'திருவிழா, ஆட்கள் நிற்கிறார்கள்' என்று பதிந்தால் ஒருவரும் தேடி எடுக்க மாட்டார்கள். படங்களைப் பெரிதாகப் பிரதி எடுத்து, கோயில் மண்டபத்தில் வயதான ஆட்களோடு இருங்கோ. காவடி எடுப்பது யார், பின்னால் தெரிவது எந்தக் கிணறு, எந்த ஆண்டு என்று அவர்கள் சண்டை பிடிப்பார்கள். போனில் அதையும் பதிவு செய்யுங்கோ. 2006 இல் போரால் இடம்பெயர்ந்தபோது வீட்டு அல்பத்தை விட்டுவந்தவர்களுக்கு, தகப்பனின் முகம் உங்கட பெட்டியில்தான் மிஞ்சியிருக்கவும் கூடும். அவர்களுக்கு ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கோ.

காணாமல் போனவர்களின் படமோ சொந்தக் கடிதமோ என்றால், குடும்பத்திடம் கேட்காமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம்.