பணக்கார நாடுகளில் யானைக்கால், கொக்கிப்புழு போன்ற ஏழைகளின் நோய்கள் உண்டா?

உண்டு. இதைக் கேட்கிறீர்கள் என்றால், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் யாரோ உங்கள் வீட்டுத் தண்ணீரை முகர்ந்து பார்த்து ஏதோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான்.

2009-இல் கொருக்குப்பேட்டை வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வேலை. எங்கள் ஆயாவுக்கு இடது காலில் யானைக்கால். தினமும் சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். அன்று மட்டும் புடவையைத் தரையில் புரளும்படி இறக்கிக் கட்டிப் பின்கட்டில் ஒடுங்கியிருந்தாள். கை கழுவப் போன மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார். பஜ்ஜித் தட்டு வைத்தது வைத்தபடியே இருந்தது. மறுநாள் தரகர் வந்தார்: "குடும்பத்தில் வியாதி இருக்கிறதாமே. அமெரிக்காவில் இதெல்லாம் கேள்விப்பட்டதுகூட இல்லையாம்."

அது பரம்பரை வியாதி அல்ல. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கொண்டுவரும் புழு. அதன் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் நடமாடும். பரிசோதனைக்கு ராத்திரியில் ரத்தம் எடுப்பது அதனால்தான். தரகரிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

அந்த ஆத்திரத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட யானைக்கால் இருந்திருக்கிறது. அலபாமா மாநிலத்தின் லௌண்டஸ் வட்டாரத்தில் 55 பேரைச் சோதித்ததில் 19 பேரிடம் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் தடயம் இருந்ததாக 2017-இல் ஆய்வு வெளியானது. வீட்டுக் கழிவுக் குழாய் கொல்லைப்புறத்தில் திறந்தவெளியில் கொட்டும் ஊர் அது. வெறுங்கால் தோல் வழியே புழு ஏறிவிடும். டெக்சாஸில் மூட்டைப்பூச்சி இனத்தைப் போன்ற ஒரு பூச்சியால் பரவும் சாகாஸ் நோய் இருக்கிறது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து இதயத்தைக் கெடுக்கும். ஜி-20 என்னும் பெரும் பொருளாதார நாடுகளின் ஏழைகளிடம்தான் இந்த நோய்களில் பெரும்பகுதி இருக்கிறது என்று சொல்லிவரும் மருத்துவர் பீட்டர் ஹோட்டஸ் வேலை பார்ப்பது எங்கே தெரியுமா? அதே ஹூஸ்டனில்!

"எண்ணிக்கையில் இந்தியாதான் முன்னால்" என்று கீழே எழுத வராதீர்கள், தெரியும். அமெரிக்காவில் சாகாஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்பதும் தெரியும். அமெரிக்காவை மட்டம் தட்டுவது என் நோக்கமல்ல. சாக்கடை வசதி இல்லாத வீட்டுக்கு எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் புழு வரும், அவ்வளவுதான்.

 

அடுத்த வருடம் திருவொற்றியூரிலிருந்து பார்க்க வந்தார்கள். அன்று ஆயாவைக் கூடத்திலேயே உட்கார வைத்தேன், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தபடி. என் மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பஜ்ஜி சாப்பிட்டார்.