கேட் புஷ்: தரவரிசைக்குத் தெரியாத இரண்டாம் பக்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண் இசையமைப்பாளர்களைப் பற்றிய சென்ற மாதக் கட்டுரையில், போகிற போக்கில் கேட் புஷ்ஷை ‘பிரிட்டிஷ் பாப் இசையின் மிகப் பெரிய படைப்பாளிகளில் ஒருவர்’ என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அந்தப் பெயரே 2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் வழியாகத்தான் தெரியும். என் மகள் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ பாட்டை வீட்டில் ஓயாமல் ஓடவிட்டாள். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு அவருடைய பட்டியலைத் தேடிப் பார்த்தேன். 1978இல் ஒரு முதலிடம். 44 ஆண்டு கழித்து இன்னொன்று, அதுவும் தொலைக்காட்சித் தொடரின் தயவில். நடுவில் அமெரிக்காவில் பெரிதாக எதுவும் இல்லை. இதை வைத்து எப்படி ‘மிகப் பெரிய’ என்கிறீர்கள்? விற்பனை கணக்கில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பாப் என்றாலே பலர் கேட்பதுதானே?

மகள் அடுத்து எதைக் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பாப் என்றால் பலர் கேட்பது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே தரவரிசையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசப்போவதில்லை. ஆனால் நீங்கள் பார்த்தது சிங்கிள்களின், அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடப்படும் பாட்டுகளின் பட்டியல். ஆல்பங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1978 முதல் 2011 வரை பத்து ஸ்டூடியோ ஆல்பங்கள். பிரிட்டனில் அவை எட்டிய இடங்கள் வரிசையாக 3, 6, 1, 3, 1, 2, 2, 3, 2, 5. பத்தில் ஒன்றுகூட ஆறாம் இடத்துக்குக் கீழே போகவில்லை. இவை போக 1986இல் வந்த ‘த ஹோல் ஸ்டோரி’ என்ற தொகுப்பும் முதலிடம். 1980இல் ‘நெவர் ஃபார் எவர்’ முதலிடம் பிடித்தபோது, அந்த நாட்டின் ஆல்பம் பட்டியலில் முதலிடம் கண்ட முதல் பிரிட்டிஷ் தனிப்பாடகி அவர்தான். 1993க்குப் பிறகு 12 ஆண்டுகள் ஆல்பம் எதுவும் வெளியிடவில்லை. 2005இல் ‘ஏரியல்’ என்ற இரட்டை ஆல்பத்தோடு வந்தார். மூன்றாம் இடம். அத்தனை ஆண்டுகள் காத்திருந்த மக்கள் இருந்தார்கள்.

நான் ‘மிகப் பெரிய’ என்று எழுதியது இந்த எண்களுக்காக மட்டும் அல்ல. கிடைத்த வெற்றியைக் கொடுத்து அவர் எதை வாங்கிக்கொண்டார் என்பதற்காக. நேரத்தை வாங்கினார். சொந்த ஸ்டூடியோவை வாங்கினார். தன் பாட்டைப் பற்றிய கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கும் உரிமையை வாங்கினார். பாப் தொழிலில் இதைச் செய்தவர்கள் மிகச் சிலர். அந்த வயதில், அந்தக் காலத்தில், ஒரு பெண் செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

முதலில் 1978. கென்ட் பக்கத்து மருத்துவர் ஒருவரின் மகள். பள்ளி வயதிலேயே பாட்டுகள் எழுதிக் குவித்தவர். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் அவருடைய பாட்டுகளைக் கேட்டு, தன் செலவில் மாதிரிப் பதிவு எடுக்க உதவினார். இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. முதல் சிங்கிளாக எதை விடுவது என்பதில் நிறுவனத்தின் தேர்வு ‘ஜேம்ஸ் அண்ட் த கோல்ட் கன்’ என்ற ராக் பாட்டு. இவர் ‘வதரிங் ஹைட்ஸ்’தான் என்று நின்றார். அப்போது வயது 19. ஒரு இசைத்தட்டுகூட வெளிவராத, யாருக்கும் தெரியாத ஒரு பெண், தன் நிறுவனத்தின் அனுபவசாலிகளிடம் இல்லை என்று சொல்கிறார்.

பாட்டும் லேசுப்பட்டதல்ல. எமிலி பிராண்டி நாவலின் கேத்தி, செத்துப்போன பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்று காதலனை அழைக்கிறாள். அந்த ஆவியின் குரலிலேயே, காது கூசும் உச்சத்தில் பாடியிருக்கிறார். வானொலிக்கு ஏற்ற பாட்டு என்று அன்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். 1977 நவம்பரில் வரவேண்டிய சிங்கிள், உறைப்படம் அவருக்குப் பிடிக்காததால் 1978 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அந்த நவம்பரில்தான் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு ‘மல் ஆஃப் கின்டைர்’ பாட்டை விட்டது. பிரிட்டனில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் சிங்கிள் அது. ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் எதிரில் போய் விழாமல் இவருடைய பாட்டு தப்பித்தது. மார்ச்சில் அபாவின் ‘டேக் எ சான்ஸ் ஆன் மீ’யை இறக்கிவிட்டு முதலிடம், நான்கு வாரம். தானே எழுதிய பாட்டைத் தானே பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர். நீங்கள் ‘ஒரு முதலிடம்’ என்று எழுதியதற்குள் இவ்வளவு இருக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் ஆல்பம் ‘லயன்ஹார்ட்’ அவசரமாகக் கேட்கப்பட்டது. புதிதாக எழுதக் கிடைத்த நேரத்தில் மூன்று பாட்டுகள்தான் தேறின. மீதி பழைய கையிருப்பு. ஆறாம் இடம் என்பது வேறு யாருக்கும் கொண்டாட்டமாக இருந்திருக்கும். அவருக்கு அந்த ஆல்பத்தில் திருப்தி இல்லை. அடுத்த ஆண்டு ஒரே ஒரு கச்சேரிப் பயணம். நடனமும் வேடங்களும் மாயவித்தையும் கலந்த அந்த மேடையில் ஆடிக்கொண்டே பாட வேண்டும் என்பதற்காக, கோட் மாட்டும் கம்பியை வளைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் கம்பியில்லா மைக் ஒன்றைச் செய்தார்கள். பிறகு 35 ஆண்டுகளுக்கு அவர் முழுக் கச்சேரி எதுவும் செய்யவில்லை. அமெரிக்காவில் பெயர் பரவாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த ஒரு பயணமும் பிரிட்டன், ஐரோப்பாவோடு முடிந்துவிட்டது.

இனி அவருடைய தோல்விக்கு வருகிறேன். என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் மையம் இதுதான். 1982இல் ‘த டிரீமிங்’. முழுக்கத் தானே தயாரித்த முதல் ஆல்பம். அப்போது ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவி புதிது. எந்த ஓசையையும் பதிந்து கட்டைகளில் ஏற்றி வாசிக்கலாம். கண்ணாடி உடையும் சத்தத்தை ‘பபூஷ்கா’ என்ற முந்தைய பாட்டில் ஏற்கெனவே அப்படிப் பயன்படுத்தியிருந்தார். இந்த ஆல்பத்தில் அந்தக் கருவியைக் கொண்டு அடுக்கடுக்காகக் குரல்களையும் ஓசைகளையும் கட்டினார். ஒரு ஸ்டூடியோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஓராண்டுக்கு மேல் வேலை நடந்தது. ஆல்பம் மூன்றாம் இடம் பிடித்தது. ஆனால் தலைப்புப் பாட்டு சிங்கிளாக வந்து 48ஆம் இடத்தோடு நின்றது. அடுத்து வந்த ‘தேர் கோஸ் எ டென்னர்’ முதல் 75க்குள்ளேயே வரவில்லை. நான்கு ஆண்டுக்கு முன் நாட்டையே கேட்க வைத்தவருக்கு இது. இனி வேறு ஒரு தயாரிப்பாளரிடம் போவதுதான் புத்திசாலித்தனம் என்று அன்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

அவர் தன் வீட்டுக்குப் போனார். குடும்பத்தின் பண்ணையில் இருந்த தானியக் களஞ்சியத்தில் 1983இல் சொந்தமாக ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும் ஸ்டூடியோவில் ஒரு ஓசையைத் தேடி நாள் கணக்கில் உட்கார முடியாது. சொந்தக் கூரையின் கீழ் முடியும். இரண்டாண்டு கழித்து ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ வந்தது. மடோனாவின் ‘லைக் எ வர்ஜின்’ ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடம்.

உங்கள் மகள் கேட்ட பாட்டு இதில்தான் முதல் பாட்டு. அதற்கு அவர் வைத்த பெயர் ‘எ டீல் வித் காட்’. கடவுள் பெயர் இருந்தால் மதப்பற்று மிகுந்த நாடுகளில் வானொலியில் போடமாட்டார்கள் என்று நிறுவனம் அஞ்சியது. இந்த ஒரு முறை அவர் விட்டுக்கொடுத்து, பெயரை அடைப்புக்குறிக்குள் தள்ளினார். முந்தைய ஆல்பத்தில் பட்ட அடிக்குப் பிறகு இதுவும் போய்விடக்கூடாது என்ற எண்ணம். பாட்டின் பொருள் எளியது. ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை. கடவுளோடு பேரம் பேசி, அவன் இடத்துக்கு இவளும் இவள் இடத்துக்கு அவனும் போக முடியுமானால்? நம் சித்தர் கதைகளின் கூடுவிட்டுக் கூடு பாய்தல்தான், சித்திக்காக இல்லாமல் அன்புக்காக. 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம், அமெரிக்காவில் 30.

அந்த ஆல்பத்தை எனக்கு ஒரு நண்பர் கேசட்டில் கொடுத்தார். முதல் பக்கத்தின் ஐந்து பாட்டுகளில் நான்கு சிங்கிளாக வந்தவை. அவற்றைத்தான் பல வாரம் கேட்டேன். ஒரு இரவு கேசட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே கதை, ‘த நைன்த் வேவ்’. நடுக்கடலில், இரவில், உயிர்காப்புச் சட்டையோடு ஒரு பெண் தனியே மிதக்கிறாள். தூங்கினால் மூழ்கிவிடுவாள். தூக்கம் வருகிறது. பனிக்கட்டிக்குக் கீழே தன்னையே பார்க்கிறாள். சூனியக்காரி என்று விசாரிக்கப்படுகிறாள். தன் வீட்டுக்குள் ஆவியைப்போல் போய் நிற்கிறாள், வீட்டில் இருப்பவருக்கு அவளைத் தெரியவில்லை. வருங்காலத்தின் அவளே வந்து, நீ செத்துவிட்டால் நான் எப்படி இருப்பேன் என்று கேட்கிறாள். அங்கே அயர்லாந்தின் நாட்டுப்புற ஆட்ட இசையான ஜிக் ஒன்று வெறிகொண்டு கிளம்புகிறது. அவருடைய அம்மா ஐரிஷ்காரர். அந்த இசை அவருக்கு வீட்டு இசை. கடைசியில் விடிகிறது. அன்று நான் விளக்கைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த இரண்டாம் பக்கத்தின் ஏழு பாட்டுகளில் ஒன்றுகூட சிங்கிளாக வரவில்லை. அவற்றுக்கு அன்று தரவரிசையில் ஒரு எண்ணும் கிடையாது. முதல் பக்கத்தின் விற்பனை இரண்டாம் பக்கத்துக்குக் காவல் நின்றது. இது எனக்குத் தெரிந்து பாப் இசையில் நடந்த மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்று.

‘தொலைக்காட்சித் தொடரின் தயவில்’ என்று நீங்கள் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1978இன் பாட்டும் தொலைக்காட்சி தந்ததுதான். ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலின் பிபிசி தொடரில் கடைசிச் சில நிமிடங்களைப் பார்த்ததிலிருந்துதான் அதை எழுதினார். 2022 மே மாத இறுதியில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் பருவம் வந்தபோது நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பிரிட்டனின் தரவரிசையில் இப்போது இணையத்தில் பாட்டைக் கேட்பதும் கணக்கு. சந்தா கட்டிக் கேட்பவர்கள் 100 முறை கேட்டால் ஒரு விற்பனை. 2017இல் எட் ஷீரனின் ஒரே ஆல்பத்திலிருந்து 16 பாட்டுகள் முதல் இருபதுக்குள் வந்துவிட்டதால் விதிகளைத் திருத்தினார்கள். பழைய பாட்டுகள் பட்டியலை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று அவற்றின் மதிப்பைப் பாதியாக்கினார்கள். அதாவது 37 வயதான இந்தப் பாட்டை 200 முறை கேட்டால்தான் ஒன்று. அந்த ஜூனில் நாட்டிலேயே அதிகம் கேட்கப்பட்ட பாட்டாக இருந்தும், ஹாரி ஸ்டைல்ஸின் ‘ஆஸ் இட் வாஸ்’ மேலே நின்றது இந்தப் பாதிக் கணக்கால். பிறகு தரவரிசை நிறுவனமே விதிவிலக்கு அளித்தது. ஜூன் 17 அன்று முதலிடம், மூன்று வாரம். அமெரிக்காவிலும் மூன்றாம் இடம் வரை போனது.

மூன்று பழைய சாதனைகள் அப்போது உடைந்தன. வெளிவந்து 37 ஆண்டு கழித்து முதலிடம், அதற்கு முன் வாம் குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ 36. இரண்டு முதலிடங்களுக்கு இடையே 44 ஆண்டு, அதற்கு முன் டாம் ஜோன்ஸ் 42. அப்போது கேட் புஷ்ஷுக்கு வயது 63. முதலிடம் கண்ட பெண்களில் அதுவரை மூத்தவர் 52 வயதில் வந்த ஷேர். தொடர் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் எத்தனையோ பழைய பாட்டுகள் எத்தனையோ தொடர்களில் வருகின்றன. காட்சி முடிந்த பிறகு அந்தப் பாட்டைத் தேடிப்போய், உங்கள் மகளைப் போல ஓயாமல் கேட்க வைத்தது பண்ணைக் களஞ்சியத்தில் உட்கார்ந்து ஒரு பெண் செய்த வேலை.

2014இல் லண்டன் ஹாமர்ஸ்மித் அரங்கில் 22 இரவுகள் பாடினார். சீட்டுகள் கால்மணி நேரத்தில் தீர்ந்தன. அந்த வாரங்களில் அவருடைய எட்டு ஆல்பங்கள் ஒரே நேரத்தில் முதல் நாற்பதுக்குள் இருந்தன. எந்தப் பெண்ணுக்கும் அதுவரை நடக்காதது. அந்த மேடையில் ‘வதரிங் ஹைட்ஸ்’ இல்லை. ‘த நைன்த் வேவ்’ முழுதாக இருந்தது. கைப்பேசிகளை எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார், வந்தவர்கள் எடுக்கவில்லை.

மகளிடம் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தின் ஆறாவது பாட்டான ‘அண்ட் ட்ரீம் ஆஃப் ஷீப்’பில் தொடங்கச் சொல்லுங்கள். கடைசி வரை நிறுத்தாமல், வரிசை மாற்றாமல், இரவில், ஹெட்போனில். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிடித்திருந்தால் ‘ஏரியல்’ ஆல்பத்தின் இரண்டாம் தட்டு. அது ஒரு பிற்பகலில் தொடங்கி, இரவு கடந்து, மறுநாள் காலைப் பறவைகளின் குரலில் முடிகிறது. ‘த டிரீமிங்’கை அதற்குப் பிறகு கொடுங்கள். முதல் முறை சத்தமாக, குழப்பமாகத் தோன்றும். நான்காவது முறை கேட்ட பிறகு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.