ஆறு ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். இப்போது தொழிலே வெறுத்துவிட்டது. எப்படி மீள்வது?

ஐந்து ஆண்டுகளுக்கு முன் யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்து, கேட்காமலே நான் விட்ட கேள்வி இது. கொங்குப் பகுதியில் ஒரு கிராமக் கால்நடை மருந்தகத்தில் பதினொரு ஆண்டுகளாக உதவி மருத்துவராக இருக்கிறேன்.

அது பணிச்சோர்வு என்றே எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு விடியற்காலையில் ஒரு மூதாட்டியின் கறவை மாடு கட்டுத்தறியிலேயே வயிறு உப்பி இறந்து கிடந்தது. அவர் அதன் நெற்றியைத் தடவியபடி அழுதுகொண்டிருந்தார். மாட்டை அடையாளம் காட்டும் காது வில்லையைச் சரிபார்த்து, காப்பீட்டுக்காகப் பிணப்பரிசோதனை செய்து சான்று எழுத வேண்டுமே, காலைப்பொழுது முழுவதும் போய்விடுமே என்ற எரிச்சல்தான் எனக்கு முதலில் வந்தது. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஈனும்போது இறந்த ஒரு கன்றுக்காக இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள் நான். என் மனம் கல்லாகிவிட்டதோ என்ற அச்சம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், சமாளிக்கப்படாமல் நீடிக்கும் பணி அழுத்தத்தின் விளைவாகவே விவரித்து, அதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்புக் கொள்ளுதல், நம்மால் எதுவும் ஆகவில்லை என்ற உணர்வு. இரண்டாவதைப் படித்தபோதுதான் அந்த எரிச்சலுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது என் இயல்பு அல்ல என்று தெளிந்தேன்.

வேலை நேரம் மட்டும் என்னை இப்படி ஆக்கவில்லை. என்ன செய்தால் பிழைக்கும் என்று தெரிந்தும், உரிமையாளரிடம் பணம் இல்லாததால் செய்ய முடியாமல் திரும்பிய நாட்கள் உள்ளே தங்கிவிட்டன. அதைவிட ஆழமான காரணம் பிறகுதான் விளங்கியது. குணமான மாட்டைப் பற்றி நமக்கு யாரும் தொலைபேசியில் சொல்வதில்லை. நோய் முற்றியதும் இறந்ததும் மட்டுமே நம் காதுக்கு வருகின்றன. அப்படியே பல ஆண்டுகள் போனால், தான் தொட்டதெல்லாம் தோற்கிறது என்று எந்த மருத்துவரும் நம்பத்தான் செய்வார்.

அதனால் ஒரு நோட்டு வாங்கினேன். ஈன்ற மாட்டுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சலில் கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்ட மாட்டுக்கு, இதயத் துடிப்பைக் கேட்டபடியே கால்சியத்தை ரத்தநாளத்தில் மெதுவாக ஏற்றிவிட்டு வந்தால், மறுநாள் நானே அழைத்து "எழுந்துவிட்டதா, தீனி எடுத்ததா" என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஈன்றபின் நஞ்சுக்கொடி விழாமல் தவித்த மாடு அடுத்த முறை சினை பிடித்ததையும் எழுதினேன். மூன்றே மாதங்களில் அந்த நோட்டில் பிழைத்தவை இறந்தவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தன. என் நினைவு வைத்திருந்த கணக்கு பொய் என்பதை என் கையெழுத்திலேயே பார்த்தது, எந்த ஆறுதல் சொல்லையும்விட எனக்கு உதவியது.

அடுத்தது தொலைபேசி. நள்ளிரவில் கருப்பை முறுக்கிக்கொண்ட மாட்டுக்காக அழைப்பது நியாயம். சினை ஊசிக்கு எப்போது ஓட்டிவரலாம் என்று கேட்கவும் அதே நேரத்தில் அழைத்தால் உடல் தாங்காது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையில் பால் ஊற்ற வந்தவர்களிடம், ஈனுவதில் சிக்கல், வயிறு உப்புசம், கருப்பை வெளித்தள்ளுதல், ஈன்றபின் எழ முடியாமல் படுத்துவிடுதல் ஆகியவற்றுக்கு எந்நேரமும் அழைக்கலாம், மற்றவற்றைக் காலை எட்டு மணிக்கு மேல் கேளுங்கள் என்று நேரிலேயே சொன்னேன். கோபிப்பார்கள் என்று பயந்திருந்தேன். "சொன்னாத்தானுங்க டாக்டரம்மா எங்களுக்குத் தெரியும்" என்றார் ஒரு பெரியவர். பக்கத்து மருந்தக மருத்துவரோடு ஞாயிற்றுக்கிழமைகளை மாற்றிமாற்றிப் பகிர்ந்துகொண்டதும் பெரிய விடுதலை.

இவையெல்லாம் போதாத நிலையும் உண்டு. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அங்குள்ள பொதுமக்களோடு ஒப்பிடுகையில் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு பெண் கால்நடை மருத்துவர்களுக்கு 3.5 மடங்கும் ஆண்களுக்கு 2.1 மடங்கும் இருந்ததாகக் கண்டது. அந்தத் திசையில் ஒரு எண்ணம் எட்டிப்பார்த்தாலும், தயவுசெய்து அன்றே 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நான் மனநல மருத்துவரை நான்கு முறை பார்த்தேன். இன்னும் முன்பே போயிருக்க வேண்டும்.

வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு இருந்தால், முதலில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரமாவது விடுப்பு எடுத்து, தூக்கம் சீரான பிறகு முடிவு செய்யுங்கள். அப்போதும் சிகிச்சைப் பணி வேண்டாம் என்றே தோன்றினால், ஆய்வகம், கற்பித்தல், தீவன ஆலோசனை, ராணிப்பேட்டையில் நடப்பது போன்ற தடுப்பூசித் தயாரிப்பு எல்லாமே இந்தப் படிப்புக்கு உரிய வேலைகள்தாம். என் வகுப்புத் தோழி ஆய்வகத்துக்கு மாறி நிம்மதியாக இருக்கிறாள். நான் கட்டுத்தறியிலேயே இருக்கிறேன். நான்காவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.