பராமரிப்பு நிறுவனங்களின் சங்கத் தலைவர் யாருக்காகப் பேசுகிறார்?

தங்கைக்கு வணக்கம்.

உங்கள் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் விடுமுறையில் கிளிநொச்சியில், வட்டக்கச்சியில் நின்றேன். தருமபுரத்திலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போய், வீட்டுக்கு வீடு சென்று முதியோரைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து ஓராண்டு நிறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பராமரிப்பு நிறுவனங்களின் சங்கத் தலைவர் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி, பராமரிப்புப் பணியாளருக்கு நல்ல சம்பளம் கிடைக்க வேண்டும் என்று பேசியதைக் கேட்டதாகவும், உங்கள் முதலாளியும் அத்தகைய சங்கமொன்றில் அங்கத்தவராக இருந்துகொண்டு சட்டம் சொல்லும் ஆகக் குறைந்த சம்பளத்தையே உங்களுக்குத் தருவதாகவும் குறிப்பிட்டுவிட்டு, அந்தத் தலைவர் யாருக்காகப் பேசுகிறார், அவரிடம் நான் முறையிடலாமா, எங்களைப் போன்றவர்கள் அந்த இடத்துக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய முதியோர் இல்லத்தை நடத்துகிறவன் என்ற முறையிலும், எங்கள் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) அத்தகைய சங்கமொன்றுக்குச் சில காலம் தலைவராக இருந்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

அந்தத் தலைவர் உங்கள் முதலாளிக்காகப் பேசுகிறார். அது முதலாளிமாரின் சங்கம். முதியோர் இல்லங்களும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் சந்தா கட்டி அதில் சேர்கின்றன. இங்கிலாந்தில் இந்தத் துறையில் 18,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. தனித்தனியாக நின்றால், அவற்றிடம் பராமரிப்பை வாங்கும் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலோ அமைச்சோ அவற்றின் பேச்சைக் கேட்காது என்பதனால் கெயர் இங்லண்ட், நஷனல் கெயர் அசோசியேஷன், ஹோம்கெயர் அசோசியேஷன் போன்ற நாடளாவிய அமைப்புகளும், அவற்றுக்குக் கீழே கவுண்டிதோறும் சிறு சங்கங்களும் உருவாகின. நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தவர், கெயர் இங்லண்டுக்காகப் பேசி வந்த மார்ட்டின் கிரீனாகவோ நஷனல் கெயர் அசோசியேஷனுக்காகப் பேசி வந்த நாத்ரா அஹமட்டாகவோ இருந்திருக்கலாம். பராமரிப்பு பற்றிய செய்தி வந்தால் நீண்டகாலமாக இவர்களைத்தான் அழைத்து வந்தார்கள்.

உங்கள் ஐயாவோடு கிளிநொச்சிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், சிறுபோக நெற்செய்கைக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போயிருந்தால் சங்கத் தலைவரின் வேலை உங்களுக்கு உடனே விளங்கும். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்ல, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அரசாங்க அதிபர் தலைமையில் பேசப்படும். கமக்காரர் அமைப்பின் தலைவர் எழுந்து, வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவருக்கும் கடைசியில் வயல் உள்ளவருக்கும் சேர்த்துப் பேசிவிட்டு, வெளியே வந்ததும் இரு பகுதியினரிடமும் ஏச்சு வாங்குவார். கூலிக்கு நாற்று நடுபவருக்கு அந்தக் கூட்டத்தில் கதிரை கிடையாது. ஆனால் ஏக்கர் குறைந்தால் அவருடைய வேலைநாளும் குறையும். நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்.

தலைவரின் ஆண்டு, இலையுதிர்கால வரவு செலவுத் திட்டத்தோடு தொடங்கி ஏப்ரலில் ஒரு சுற்று முடிகிறது. ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் உயரும். அதற்கு முன்பாக, தான் வாங்கும் பராமரிப்புக்கு மணித்தியாலத்துக்கோ கிழமைக்கோ எவ்வளவு கொடுப்பது என்று ஒவ்வொரு கவுன்சிலும் தீர்மானிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நடந்ததைச் சொன்னால், தலைவர்கள் ஏன் அவ்வளவு கோபமாகப் பேசுகிறார்கள் என்பது தெரியும். அந்த மாதம் குறைந்தபட்ச ஊதியம் 11.44 பவுணிலிருந்து 12.21 பவுணாக உயர்ந்தது. சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் தேசியக் காப்புறுதி, நூற்றுக்கு 13.8 இலிருந்து 15 ஆகக் கூடியதோடு, அது தொடங்கும் வருடச் சம்பள எல்லையும் 9,100 பவுணிலிருந்து 5,000 பவுணுக்கு இறக்கப்பட்டது. கிழமைக்கு 37.5 மணித்தியாலம் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு முதலாளி கட்டும் காப்புறுதி, ஏறத்தாழ 1,820 பவுணிலிருந்து 2,820 பவுணுக்கு ஏறியது. ஆளொருவருக்கு ஆயிரம் பவுண். அதிலே உங்கள் கைக்கு வந்தது ஒரு சதமும் இல்லை. பகுதிநேரமாக வருடத்துக்கு 9,000 பவுண் உழைக்கும் ஒரு தாய்க்கு முன்பு எதுவுமே கட்டத் தேவையிருக்கவில்லை, இப்போது 600 பவுண் கட்ட வேண்டும். எங்கள் துறை பகுதிநேரப் பெண்களின் உழைப்பில் ஓடுவது என்பதனால் அடி அங்கேதான் பலமாக விழுந்தது. சிறு முதலாளிகளுக்கான காப்புறுதிச் சலுகையும் கூட்டப்பட்டது உண்மைதான். முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் இல்லத்துக்கு அது போதவில்லை.

இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி, கவுன்சிலின் நிதி உத்தியோகத்தருக்கு முன்னால் வைப்பதுதான் தலைவரின் தலையாய வேலை. சம்பளம், 5.6 கிழமை விடுமுறைச் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும் நேரம், காருக்கு மைல் கணக்கு, பயிற்சி, காப்புறுதி, அலுவலகம் எல்லாவற்றையும் கூட்டி, 2025–26 ஆம் ஆண்டுக்கு இங்கிலாந்தில் ஒரு மணித்தியால வீட்டுப் பராமரிப்புக்கு 32.14 பவுணாவது வேண்டும் என்று ஹோம்கெயர் அசோசியேஷன் வெளியிட்டது. பல கவுன்சில்கள் அதைவிடக் குறைவாகவே கொடுக்கின்றன. கூட்ட அறையில் யாரும் சத்தம் போடுவதில்லை. உத்தியோகத்தர் தாளைத் திருப்பி, பயண நேரத்துக்கு எதிரே உள்ள நிரலில் பேனையை வைத்து, இதற்குப் பத்து நிமிடம் போதாதா என்று கேட்பார். அந்தப் பத்து நிமிடத்தின் மேலே உங்கள் முழுநாளும் நிற்கிறது, தங்கை. கிராமப்புறத்தில் இரண்டு வீடுகளுக்கு இடையே பதினெட்டு நிமிடம் ஓடுகிறது என்பதை அந்த இடத்தில் ஆதாரத்தோடு காட்டத் தெரிந்தவர்தான் நல்ல தலைவர்.

கவுன்சில் குறைத்துக் கொடுப்பதை யார் ஈடு செய்கிறார்கள் என்பதும் மறைவானதல்ல. 23,250 பவுணுக்கு மேல் சொத்து உள்ளவர் இங்கிலாந்தில் தன் பராமரிப்புச் செலவைத் தானே கட்ட வேண்டும். அந்த எல்லை 2010 முதல் மாறவே இல்லை. ஒரே இல்லத்தில் தன் பணத்தைக் கட்டுபவர், கவுன்சில் கட்டுவதைவிடச் சராசரியாக 41 வீதம் கூடுதலாகக் கட்டுகிறார் என்று அரசின் போட்டிச் சந்தை அதிகாரசபை 2017 இல் அறிக்கையிட்டது. என் இல்லத்திலும் நிலைமை இதுதான். வீட்டை விற்றுக் கட்டும் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது எனக்கு இன்றைக்கும் சங்கடமான காரியம்.

வெளியாருக்குத் தெரியாத தொல்லை ஒன்று உள்ளே உண்டு. அங்கத்தவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். நூறு இல்லங்கள் உள்ள கம்பனியின் பிரதிநிதியும், பன்னிரண்டு கட்டில்களோடு கணவனும் மனைவியுமாக நடத்தும் இல்லக்காரரும் ஒரே மேசையில் இருப்பார்கள். நாம் எல்லோரும் இந்த விலைக்குக் குறைத்துக் கொடுப்பதில்லை என்று முடிவெடுப்போம் என யாராவது சொன்னால், தலைவர் உடனே பேச்சை நிறுத்த வேண்டும். செலவு எவ்வளவு என்று சேர்ந்து கணக்குக் காட்டலாம். விலையைச் சேர்ந்து தீர்மானிப்பது போட்டிச் சட்டத்துக்கு முரண். சங்கம் என்றால் கடையடைப்பும் ஹர்த்தாலும் என்று பழகி வந்த எனக்கு இது புதிய பாடமாக இருந்தது.

ஆண்டுக் கணக்குக்குள் அடங்காத வேலைகள் இரவில் வரும். ஓர் இல்லம் முறிந்துபோனால், அங்கே இருப்பவர்களுக்கு எங்கே காலியான கட்டில் இருக்கிறது என்று கவுன்சில் முதலில் கேட்பது தலைவரிடம். சி.கியூ.சி. எனப்படும் பராமரிப்புத் தர ஆணைக்குழு ஒரு இல்லத்துக்குக் குறைந்த தரம் போட்டுவிட்டால், குறையைத் திருத்திய பிறகும் மறுபடி வந்து பார்க்க அவர்களுக்கு நீண்ட காலம் எடுப்பதுண்டு. அந்தப் பழைய தரத்தைத்தான் குடும்பத்தாரும் வங்கியும் பார்ப்பார்கள். ஆணைக்குழுவின் பணியில் பாரிய குறைகள் இருந்ததை 2024 ஒக்டோபரில், அரசு நியமித்த பென்னி டாஷின் மீளாய்வு அறிக்கையே எழுத்தில் வைத்தது. கொரோனா பரவிய 2020 வசந்த காலத்தில் வைத்தியசாலைகளிலிருந்து நோயாளிகளைப் பரிசோதனையின்றி இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் கொள்கை சட்டத்துக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை சென்றது. அந்த நாட்களில் முகக்கவசப் பெட்டிகளைக் காரின் பின்னால் அடுக்கிக்கொண்டு, சங்கத்தின் அங்கத்தவர் அல்லாத இல்லங்களின் வாசலிலும் வைத்துவிட்டு வந்தோம். சந்தா கட்டாதவருக்கு ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலாளி பயண நேரத்துக்குச் சம்பளம் தராவிட்டால் சங்கத்தின் தலைவரிடம் போகாதீர்கள். அங்கத்தவருக்கு எதிராக வழக்குக் கேட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, நல்ல மனம் உள்ளவர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு வீட்டில் வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர வேண்டும் என்பது சட்டம். அதற்கு, வேலைத்தல உரிமைகள் பற்றி ஆலோசனை தரும் ஏகாஸ் என்ற பொது அமைப்பின் இலவச ஆலோசனைத் தொலைபேசியும், யூனிசன் அல்லது ஜி.எம்.பி. தொழிற்சங்கமும்தான் உங்களுக்கு உரியவை. தொழிற்சங்கத்தில் இன்றே சேருங்கள். சிக்கல் வந்த பிறகு சேர்பவருக்கு அந்தச் சிக்கலில் அவர்கள் உதவுவது கடினம். வெளிநாட்டவரை விசாவில் வேலைக்கு வைத்திருக்க நிறுவனத்துக்குள்ள ஸ்பொன்சர் உரிமம் பறிக்கப்பட்டால் வேறு நிறுவனம் தேட உங்களுக்கு வழக்கமாக 60 நாள் கிடைக்கும், அப்போது மட்டும் இந்தச் சங்கங்கள் உண்மையாகவே உதவும்: இங்கிலாந்தின் ஒவ்வொரு பிராந்தியத்திலும், இடம்பெயர்ந்த பணியாளரை நல்ல நிறுவனங்களோடு சேர்த்துவிடும் கூட்டமைப்புகள் அமைக்கப்பட்டன, அவற்றோடு சங்கங்களும் சேர்ந்து வேலை செய்தன.

இதிலே என் மனக்குறையையும் சொல்ல வேண்டும். 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கு விசா திறந்தபோதும், 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தாரை அழைத்து வர முடியாது என்றபோதும், 2025 ஜூலை 22 இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியபோதும் சங்கத் தலைவர்கள் நன்றாகவே குரல் கொடுத்தார்கள். ஆட்களிடம் பணம் கறந்துவிட்டு வேலை கொடுக்காத முதலாளிகளைப் பற்றி அதே உரத்தில் பேசியவர்கள் குறைவு. அத்தகையவர்களால் நேர்மையாக நடத்துகிறவருக்கும் பெயர் கெடுகிறது என்று கூட்டங்களில் நான் சொன்னபோது தலையாட்டினார்கள். அறிக்கையில் ஒரு வரியோடு விட்டுவிட்டார்கள். இங்கே ஊரில் வந்து பார்த்தால், அந்தப் பாதை மூடிய பிறகும் கெயர் விசா எடுத்துத் தருகிறோம் என்று வயலை ஈடு வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தம்பியையும் மச்சாளையும் அப்படி யாராவது அணுகினால், நீங்களே அங்கிருந்து எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் போனவன் வழியை மூடப் பார்க்கிறான் என்கிறார்கள்.

அந்த இடத்துக்கு வர முடியுமா என்றால், முடியும், ஆனால் பாதை நீளமானது. மூத்த பணியாளராகி, தலைமைத்துவத்திலும் முகாமைத்துவத்திலும் ஐந்தாம் நிலை டிப்ளோமா முடித்து, சி.கியூ.சி.யில் பதிவு பெற்ற முகாமையாளராக வேண்டும். அந்தப் பதவியிலிருந்து உள்ளூர்ச் சங்கத்தின் குழுவுக்குள் போவது வழக்கம். நாடளாவிய அமைப்பின் பிரதம நிறைவேற்று அதிகாரிக்குச் சம்பளம் உண்டு. கவுண்டித் தலைவர்கள் பலரும் தங்கள் இல்லத்தை நடத்திக்கொண்டே இதைச் செய்கிறார்கள். தருமபுரத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். கூட்டக் குறிப்பு எழுதி, பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொடுத்து, பதில் வராவிட்டால் மறுபடியும் போய் நிற்கப் பழகியவருக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

2028 அளவில், துறை முழுவதற்கும் சம்பளத்தைப் பேசித் தீர்மானிக்கும் பராமரிப்புத் துறைக்கான நியாய ஊதிய உடன்படிக்கை முதன்முறையாக நடைமுறைக்கு வரும் என்று அரசு சொல்லி, அதற்கு 50 கோடி பவுண் ஒதுக்குவதாகவும் அறிவித்திருக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பக்கம் சங்கத் தலைவர்களும் மறு பக்கம் தொழிற்சங்கங்களும் இருக்கப் போகின்றன. அந்தத் தொகை போதாது என்று தலைவர்கள் இப்போதே சொல்கிறார்கள். அதில் நானும் அவர்களோடு உடன்படுகிறேன்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் வெளிக்கிட்ட நேரத்தையும் ஒரு மாதத்துக்கு கொப்பியில் எழுதி, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மாதக் கடைசியில் நான் திரும்பி வந்துவிடுவேன், கணக்கைச் சேர்ந்து பார்த்த பிறகு தொழிற்சங்கத்துக்கு எழுதலாம்.