பக்கவாதத்துக்கு வி.ஆர். பயிற்சி: பணம் கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், கை மட்டும் வரவில்லை. புதுச்சேரியில் ஒரு மையத்தில் வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடி, அதாவது கண்முன் கணினிக் காட்சியைக் காட்டும் கருவி, மாட்டிப் பயிற்சி தருகிறார்களாம். ஒரு மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கடலூரில் வீடு வீடாகச் சென்று பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். புதுச்சேரியில் இந்தக் கருவி உள்ள ஓர் இடத்திலும் பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன். இப்போது நடக்கும் பயிற்சியோடு கூடுதலாக என்றால் யோசிக்கலாம். அதை நிறுத்திவிட்டு இதற்குப் போவதாக இருந்தால் வேண்டாம்.

அப்பாவின் கையில் பழுது எதுவும் இல்லை. கையை இயக்கும் மூளைப் பகுதி அடிபட்டிருக்கிறது. அதன் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரே அசைவை நூற்றுக்கணக்கில் செய்தாக வேண்டும். ஆனால் நடைமுறை வேறு. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். கைப்பயிற்சி நடந்த வேளைகளில், பயனுள்ள கையசைவுகள் ஒரு வேளைக்குச் சராசரியாக 32 தான் இருந்தன. நம் ஊரில் யாராவது எண்ணினால் இதைவிடப் பெருமையான கணக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வி.ஆர். உதவுவது இந்த இடத்தில்தான். "கையை நீட்டுங்கள் ஐயா" என்று நான் பத்து முறை சொன்னால் பதினோராவது முறை அவருக்குக் கோபம் வரும். கண்ணாடிக்குள் ஒரு பலூன் மிதந்து வந்தால் சொல்லாமலே நீட்டுகிறார். தொட்டால் மதிப்பெண், நேற்றைவிட இன்று அதிகமா என்ற ஆசை. வியாபாரம் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பிடிக்கிறது! ஒரே சங்கடம், பல விளையாட்டுகள் ஆங்கிலத்தில் பேசும். வலப்பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் தமிழில் சொல்ல ஆள் இல்லையென்றால் திகைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

கருவிக்கென்று தனி மந்திரம் உண்டா என்றால், 2016-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து நாடுகளில் 141 பேர். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் ஒரு பாதிப் பேர், டி.வி. முன் கையை அசைத்து ஆடும் நின்டெண்டோ வீ என்ற கருவியில் விளையாடினார்கள். மறுபாதிப் பேர் சீட்டு, பிங்கோ, பந்து என்று சாதாரண விளையாட்டு விளையாடினார்கள். நேரம் இருவருக்கும் சமம், கை முன்னேறியதும் ஏறக்குறைய சமம்! ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பும் 2017-இல் 72 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, வழக்கமான சிகிச்சைக்கு மாற்றாக இது மேலானதல்ல, கூடுதல் பயிற்சியாகச் சேர்த்தால் பலன் உண்டு என்றது. 2025-இல் வந்த புதிய தொகுப்பு கைக்குச் சிறிதளவு கூடுதல் பலன் இருப்பதாகச் சொல்கிறது. அந்தச் 'சிறிதளவு'க்கு அந்த மையம் கேட்கும் தொகை தகுமா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்கள் சிலர் தட்டில் இடப்பக்கச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுவார்கள், அந்தப் பக்கம் இருப்பதே மனத்தில் பதியாது. அவர்களைத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தின் எதிரில் சாலையைக் கடக்கச் சொல்லிப் பழக்க முடியுமா? கண்ணாடிக்குள் பழக்கலாம். என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் நல்ல பயன்களில் இது ஒன்று. உங்கள் அப்பாவுக்குப் பாதிப்பு வலக்கையில், அதாவது அடிபட்டது மூளையின் இடப்பக்கம் என்பதால் இது பெரும்பாலும் தேவைப்படாது.

மையத்தில் கருவியின் விலையையும் நாட்டையும் விசாரிக்காதீர்கள். ஒரு வேளையில் கை எத்தனை முறை அசைகிறது, அதை எழுதி வைக்கிறார்களா, முழுநேரமும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். மொத்தப் பணம் கட்டும் முன் ஒரு வேளை பார்க்க விடச் சொல்லுங்கள். மறுத்தால் பண்ருட்டி பஸ் ஏறிவிடுங்கள். செல்பேசியைச் செருகும் மலிவான பெட்டியை வாங்கி வீட்டில் மாட்டிவிடுவதிலும் பயனில்லை. அதில் படம் தெரியுமே தவிர, கை நகர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

வலிப்பு வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கண்ணாடியை மாட்டக் கூடாது. தலைசுற்றல், குமட்டல் வரலாம். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்துதான் தொடங்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாத வீடுகளில் தவறாமல் இரண்டு பொருள் பார்க்கிறேன்: பிசையக் கொடுத்த ரப்பர் பந்து, உத்திரத்தில் கட்டிய கப்பிக் கயிறு. விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகும் கைக்கு மேலும் மடக்கும் பயிற்சி எதற்கு? விரிப்பதுதான் கடினம், அதற்குத்தான் உழைக்க வேண்டும். கப்பியோ தளர்ந்த தோளை இழுத்து வலியைக் கொண்டுவரும். இரண்டும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

செலவு பாரமாக இருந்தால், தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். பண்ருட்டிக்கு அது உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். கோரிமேடு ஜிப்மரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது. பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை காட்டுவது நல்லது.

விரல்கள் தாமாகக் கொஞ்சமாவது விரிகின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. விரிந்தால் வி.ஆர். விளையாட்டுகளில் பலவற்றை அவரால் ஆட முடியும். துளியும் விரியவில்லை என்றால் முதலில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துச் செய்யும் பயிற்சி போதும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், உறுப்பிழந்தவர்களின் வலிக்காக 1990களில் கொண்டுவந்த முறை அது. பின்னர் பக்கவாதத்துக்கும் பயன்பட்டது. நல்ல கையை முகம் பார்க்கும் கண்ணாடியின் முன்னும், விழுந்த கையை அதன் பின்னும் வைத்து, பிம்பத்தைப் பார்த்தபடியே இரண்டையும் அசைக்க முயல வேண்டும். செய்முறையை உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விரல்களைப் பற்றிப் பின்னூட்டத்தில் எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.